அப்பா பார்த்த கோல்

என் அருமை அப்பாவுக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது, நம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போலவே இருக்கிறது. கல்லறைக்கு வந்து நின்றால் வாய் எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பூ மழை நேரத்துக்குப் பெய்தது. காபி பூத்து எஸ்டேட் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். நான் சேலத்தை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சேலத்து ஃபுட்பால் கிளப்பில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அப்பா. சீசன் தொடங்கின அன்று போனேன். என் ஒன்பதாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு ஒரு புதுப் பையன் ஓடிக்கொண்டிருந்தான். கோச் என் கையில், கோட்டோரம் நிற்கிறவர் பிடிக்கும் லைன் கொடியைக் கொடுத்து, "இன்னிக்கு இதப் புடிங்க" என்றார். ஆட்டம் முடியும் வரைக்கும் பிடித்தேன். அப்புறம் அதைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏற்காடு பஸ் ஏறினேன். இத்தனை வருஷம் ஆடிய ஆட்டம் அவ்வளவில் முடிந்தது.

இரண்டாம் டிவிஷன் கிளப் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்திருப்போம். பகலில் இரும்பு குடோனில் வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். முதல் சீசனில் நன்றாகத்தான் கோல் போட்டேன். பிறகு முட்டி போயிற்று. கோல் அடிப்பதற்கென்றே நிறுத்தியிருக்கிறவன் மாதக்கணக்கில் அடிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சாப்பிடும்போது யாராவது சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தீர்கள். களத்தில் காயும் காபிப் பழத்தில் பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாமல் நீங்கள் தடுமாறுவதாக அம்மா அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அன்று கோல் போட்டவன் எட்டாம் நம்பர்க்காரன். என்னைப்போலவே நெட்டை. நான் பக்கத்தில் ஓடிப்போய்க் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தீர்கள்.

"போட்டுட்டயே கண்ணு! போட்டுட்டயே!"

பக்கத்தில் டீ விற்றவரிடமும், "ஏனுங்க, பாத்தீங்களா? எம் பையனுங்க" என்றீர்கள். நான் வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அது நீங்களாக ஏமாந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது? நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த அந்தக் கோலுக்காக, பூசை முடிந்ததும் எனக்கு மாலை போட்டார்கள். பையன்கள் சுற்றி நின்று, "எந்தக் கால்லங்கண்ணா போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"எடது கால்ல" என்றேன்.

எனக்கு இடது காலில் பந்து நிற்கவே நிற்காது அப்பா. நீங்கள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கண் ஆபரேஷன் ஆன பிறகு, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் மறுபடி ஆட்டத்துக்கு வந்தீர்கள். அன்று இரண்டாம் பாதியில்தான் என்னை இறக்கினார்கள். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறான், எதிரே காலி கோல். மேலே தூக்கி அடித்தேன். "மலைக்கே போடா!" என்று கூட்டம் கத்தியது. உடனே என்னை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களுக்குக் கொடுத்தேன்.

"நல்லாத் தெரியுதுங்களா அப்பா?"

"தெளிவாத் தெரியுது சாமி. புல்லுகூடத் தெரியுது."

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்.

"கண்ணு, அன்னிக்கி அந்த கோலு... நீ போட்டதில்லயா?"

"இல்லீங்கப்பா."

உங்கள் கை வந்து என் முட்டியின் மேல் உட்கார்ந்தது. "நொம்ப வலிக்குதா?" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஏன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ரைட்டர் சொன்னது இதுதான்:

"ஆபரேசனுக்கு அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம உங்கப்பா எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. 'அந்த கோலு எம் பையன் போட்டதில்லீங்க, எங் கண்ணுதான் ஏமாத்திப்போட்டுது. நான் கேட்டதும் அவன் மறைக்காமச் சொல்லிப்போட்டான்'னாரு. கொட்டச்சேடு வரைக்கும் ஊடு ஊடாப் போயிச் சொன்னாருங்க. டீக்கடையில நாலு பேரு கேலி பண்ணுனாங்க. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. நீங்களும் அவராட்டவே நாணயமான ஆளுங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு நான் எங்கே போய் நிற்பேன்? இடது கால் என்று நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெரிந்திருந்தும், அத்தனை வாசலிலும் என்னை நல்லவனாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். கேலிப் பேச்சை நீங்கள் வாங்கிக்கொண்டு, நல்ல பேரை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வலிக்கிற காலோடு வந்த மகனிடம் ஒரு கோபமாவது பட்டிருக்கக் கூடாதா, அப்பா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் டீமுக்கும் மாரமங்கலத்துக்கும் மேட்ச். என்னைக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன் சாமி?"

"ஓட முடியாதுங்கம்மா. சிரிப்பாங்க."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. நீ ஆடி நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல."

இத்தனை வருஷத்தில் அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்தீர்களா?

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. சனிக்கிழமை ரைட்டர் வீட்டுக்குப் போய், நான் அவர் நினைக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மைதானக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டு இறங்குவேன். மாரமங்கலத்துப் பையன்கள் குதிரை மாதிரி ஓடுவார்கள், நாங்கள் தோற்கத்தான் போகிறோம். இருந்தாலும் விசில் ஊதும் வரைக்கும் நின்று ஆடுவேன்.

என்றும் உங்கள் மகனாக,
அந்தோணி