கிளுவை வேலியின் உயரம்

அக்கா,

உங்கள் ஓவியப் பையைத் திறந்ததும் பிளாஸ்திரி வாசம் அடித்தது. அந்தச் சட்டம் ஒரு வருஷமாக அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. என் முழங்காலின் பழைய எக்ஸ்ரே படத்தை நடுவில் செவ்வகமாக வெட்டி, குறுக்கே இரண்டு நூல் இழுத்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியால் ஒட்டி, வரையும் காட்சியை அளந்து பார்க்க நீங்கள் செய்தது. வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் என் எலும்பு தெரியும். "உன்ற முட்டியத் தாண்டித்தான் அம்மணி நான் ஊரையே பாக்கறேன்" என்பீர்கள். நேற்று அதைக் கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உங்கள் வீட்டுக்கார அண்ணன். ஐந்து நாளுக்கு முன்பு உங்கள் பையும் ஒரு படமுமாகப் படியேறி வந்தார். நீங்கள் கடைசியாகப் போட்டது. வானமும் வெள்வேல மரத்தின் தலையும் வண்ணத்தில் இருந்தன. கீழே கிளுவைச் செடி வேலியும் ஓரத்துப் படல் கதவும் வெறும் பென்சில் கோடு.

"பாதியில நிக்குதுங்க. வர்ற ஞாயித்துக்கெழம அவளுக்குக் கோயில்ல வருசப் பூசைங்க. நீங்க முடிச்சுக் குடுத்தீங்கன்னா அன்னிக்கு ஊட்ல மாட்டிப்போடலாம்."

சரிங்கண்ணா என்று சொல்லித் தொலைத்தேன். வாட்டர்கலர், அக்கா. ஒரு தப்பு விழுந்தால் அழிக்க வழியில்லை. உங்கள் கைபட்ட கடைசித் தாளை நான் கெடுத்துவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? மூன்று நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

சரவணம்பட்டியில் ஒரே அபார்ட்மெண்டில் ஆறு வருஷம் இருந்தும் நாம் பேசிக்கொண்டது ஓவிய வகுப்பில் சேர்ந்த பிறகுதான். நீங்கள் ரிட்டயரான நர்ஸ், நான் காலேஜ் லேப் வேலையை விட்டவள், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. வெளியே வரையப் போனால் நான் கண்ணில் பட்டதையெல்லாம் தாளில் ஏற்றுவேன், மின்கம்பம் உட்பட. நீங்கள் சட்டத்தைக் கண்ணுக்குக் கிட்டேயும் தள்ளியும் பிடித்துக் கால் மணி நேரம் ஓட்டுவீர்கள். "மொதல்ல எதை உடறதுன்னு பாரு அம்மணி" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நீங்கள் உட்கார்ந்து வரைந்ததே இல்லை. முப்பது வருஷம் வார்டில் நின்ற கால். முட்டி வலிக்காரி நான் மடக்கு ஸ்டூலை விரித்தால், "ராணிக்குச் சிம்மாசனம் வந்துருச்சா?" என்று தினமும் ஒரு கிண்டல்.

கடைசியாகப் போனில் கூப்பிட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் பேசினீர்கள். "காங்கேயம் போலாமா அம்மணி? ஸ்டூல ரெண்டா எடுத்துட்டு வா."

"ஆருக்குங்க்கா ரெண்டு, உங்களுக்கா?" என்று நானும் சிரித்தேன். அவிநாசியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, வர முடியாது என்றேன். காதுகுத்து பத்து மணிக்கே முடிந்துவிட்டது. சாயங்காலம் வரை அங்கே கதையளந்துகொண்டிருந்தேன். நீங்கள் தனியாகப் பஸ் ஏறிப் போனீர்கள். அடுத்த மாதம் இல்லாமலே போனீர்கள்.

நேற்று, காங்கேயத்தில் நாம் வழக்கமாக வரையப் போகும் அந்த மேய்ச்சல் காட்டுக்குப் போனேன். படல் இருந்தது, மரம் இருந்தது. ஆனால் சட்டத்தில் எதுவும் பொருந்தவில்லை. உங்கள் படத்தில் வேலி மரத்தின் பாதியை மறைத்திருந்தது. எனக்கோ வேலிக்கு மேலே மேய்ச்சல் நிலம் முழுக்கத் தெரிந்தது, மாடுகளின் முதுகுகூட. கிட்டே போனேன், பின்னால் வந்தேன், கையை நீட்டினேன், மடக்கினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடம் தப்போ, ஒரு வருஷத்தில் வேலியை வெட்டிவிட்டார்களோ என்று படபடப்பு. முட்டி வலி எடுக்கவே ஸ்டூலை விரித்து உட்கார்ந்தேன். சட்டத்தில் வேலி கொஞ்சம் ஏறியது. அப்போதும் போதவில்லை.

ஸ்டூலைத் தள்ளிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்தேன். சட்டத்தைத் தூக்கினேன்.

வேலி, படல், மரம் எல்லாம் உங்கள் கோட்டின் மேல் அப்படியே வந்து நின்றன.

நின்றே வரைகிற நீங்கள் அன்று நிற்க முடியாமல் இருந்திருக்கிறீர்கள். உட்கார ஒன்றும் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நர்ஸ் நீங்கள், உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியாதா? எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு ஸ்டூல் மட்டும் கேட்டீர்கள். நான் சிரித்தேன். அழுதுகொண்டேதான் வேலியைப் போட்டு முடித்தேன், அக்கா. பச்சை ஒரு இடத்தில் திட்டாக விழுந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

எழுந்திருக்க முடியவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார். "கையக் குடுங்க. போன வருசமும் ஒரு அம்மாவ இதே எடத்துலதானுங்க தூக்கி உட்டேன்" என்றார். அவர் கையைப் பிடித்து எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன், எப்படிங்க இடத்தைக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பது இப்போதும் தெரியவில்லை.

இன்று காலை ஓசூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு, "அம்மா, பேசாம இங்க வந்து நாலு நாள் இரேன், சோறாக்கவே சலிப்பா இருக்குது" என்றாள். வழக்கமாக, போடி சோம்பேறி என்று போனை வைத்திருப்பேன்.

"நெசமாத்தான் கூப்படறயா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, "ஆமாம்மா" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன், அக்கா.