வியாழக்கிழமை நான் போன் எடுக்காத காரணம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு முதல் கவலை அதுதான். இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பாதிப் பொய் ஆகிவிடும். அம்மா நன்றாக இருக்கிறாள். நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், முழங்காலில் தையல் போட்ட இடமும் ஆறிவிட்டது. மிச்சத்தைப் போனில் சொல்ல முடியவில்லை, நீ கூப்பிடும் நேரத்தில் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதோடு உன் குரலைக் கேட்டதும் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் காகிதம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலையில் நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. சாயங்காலம் அம்மா உன்னிடம் "அப்பா மாத்திரை போட்டுட்டுத் தூங்குறாரு" என்றாள். நான் தூங்கவில்லை பாப்பா. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசினாள், உள்ளே என் காலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதறாதே, இப்போது வெளியே வந்துவிட்டேன், முழுதாகப் படி.

வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கப் போகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்பது உனக்குத் தெரியும். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து முடித்த நேரத்தில்தான், யாரோ ஒரு நோயாளி வரவில்லை என்று என் முழங்கால் ஆபரேஷனை ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் வீடு என்று இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஐம்பத்து நான்கு படி ஏற எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடித்தனம் நடத்தியிருக்கிறானே என்று உன் அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், உன் வயதுகூட இருக்காது, எங்களுக்குள் அவள் பெயர் ஹெட்மாஸ்டர். முதல் நாளே என்னை உட்காரவைத்து, "கெண்டைக்கால் வீங்கினாலோ, தொட்டா சூடா இருந்தாலோ யோசிக்கவே கூடாது, உடனே சொல்லணும்" என்று சொல்லியிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக் கிடந்தது, தொட்டால் சுட்டது. நான் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது, உன் அம்மா ஒற்றை ஆளாக வீடு முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறாள், இந்த நேரத்தில் மறுபடி ஆஸ்பத்திரியா என்று நினைத்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உள்ளே இருந்தது வெறும் பயம். திரும்பப் போனால் காலைத் திறப்பார்கள் என்று பயந்தேன். "கால் எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டபோது "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா புது வீட்டைக் கழுவிவிடப் போனாள். நான் எழுந்து வந்து கதவைத் திறக்கச் சிரமப்படக் கூடாது என்று வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள், நான்தான் "பூட்டிட்டே போ" என்றேன். அவள் போய் அரை மணி நேரத்தில் காலில் வலி பிடுங்கி எடுத்தது, மூச்சு இழுத்தால் பாதியில் நின்றது. போனைத் தேடினேன். கட்டிலில் இல்லை, ஜன்னலில் இல்லை. அப்போதுதான் ஹாலில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளுக்குள்ளிருந்து நீ கூப்பிடும் மணி கேட்டது. போர்வைகளோடு சேர்த்து மடித்து டேப் போட்டு ஒட்டிவிட்டாள். ஏழு பெட்டி, ஒன்றின் மேல் ஒன்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்து ஒவ்வொரு பெட்டியாகக் கவனித்துக் கேட்டேன், சத்தம் அடிப்பெட்டியிலிருந்துதான் வந்தது. குனிய முடியவில்லை, மேலே இருப்பதை நகர்த்த முடியவில்லை. மணி நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. என் மகள் ஒரு கை தூரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மாதிரி ஒரு பயம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

நடுவில் இருந்த இரண்டு மாடிக்காரர்களும் காலி செய்துவிட்டுப் போயாயிற்று, கீழே தையல்காரம்மா மட்டும்தான் பாக்கி, அவளுக்கு மிஷின் சத்தத்தில் நான் கத்துவது எங்கே கேட்கும். லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது குரல் மேலே போய்ச் சேராது, எதிரொலியில் குழம்பிவிடும், அதனால் நாங்கள் ஸ்பேனரால் லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் தட்டித்தான் பேசிக்கொள்வோம். விடாமல் தட்டினால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். எல்லா வீட்டுச் சமையலறை வழியாகவும் இறங்கும் இரும்புக் குழாய் இருக்கிறதே, அதை எவர்சில்வர் டம்ளரால் தட்ட ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, டம்ளர் நசுங்கிப்போயிற்று. முதலில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று தையல்காரம்மா நினைத்தாளாம். "ஆணி அடிக்கிறவன் இவ்வளவு நேரம் ஒரே இடத்துல அடிக்க மாட்டானே" என்று மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஆம்புலன்ஸுக்கும் அம்மாவுக்கும் போன் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அண்ணே, பேசிக்கிட்டே இருங்க, பேச்சை மட்டும் நிறுத்தாதீங்க" என்றாள். என்னத்தைப் பேச என்றேன். "லிஃப்டைப் பத்தியே பேசுங்க, எனக்கு ஏறவே பயம், கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என்றாள். ஒரு கயிறு இல்லை, ஐந்து கயிறு இருக்கும், ஒன்று போனாலும் மற்றது தாங்கும், எல்லாமே போனாலும் இரண்டு பக்கமும் பிரேக் கவ்விக்கொள்ளும் என்று தரையில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். நான் நிறுத்தினால் "அப்புறம்ணே?" என்று கதவைத் தட்டுவாள். இத்தனை வருஷம் படியில் எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

உன் அம்மா ஓடிவந்து அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகினாள், தையல்காரம்மாதான் வாங்கித் திறந்தாள். கெண்டைக்காலில் இரத்தம் கட்டியிருக்கிறது, நுரையீரலுக்குப் போகவில்லை, தப்பித்தீர்கள் என்றார் டாக்டர். மூச்சு அடைத்ததற்குப் பயம்தான் காரணமாம். "நேத்தே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்று அவர் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மூன்று மாடி ஏறும் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்றதால் என்னை நேரே புது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீ உயரம் அளந்து கோடு போட்ட அந்த நிலைப்படியை இன்னொரு தடவை நான் பார்க்கவில்லை, போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்தபடியே அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். லாரியைத் தள்ளிப்போட்டு, சாமான் இரண்டு நடையாக வந்து சேர்ந்தது. மிச்சம் மீதியை ஒழிக்க அம்மா தினமும் காலையில் பழைய வீட்டுக்குப் போகிறாள்.

அவள் திரும்பி வரும்வரை தனியாக இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் பாப்பா எனக்குக் கஷ்டம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், விழுந்தால் உள்ளுக்குள் இரத்தம் கசியலாம், ஜாக்கிரதை என்றிருக்கிறார்கள். ஷேவிங் பிளேடைக்கூட அம்மா ஒளித்துவிட்டாள், தாடியும் நானுமாகச் சாமியார் மாதிரி இருக்கிறேன். குளியலறைக்கும் அறைக்கும் நடுவே இரண்டு விரல் உயரத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிடுகிறது. பழைய வீட்டில் இருட்டிலும் என் காலுக்கு எல்லாம் தெரியும், இங்கே பகலிலேயே சுவர் எங்கே என்று தடவுகிறேன். காலில் லேசாக ஒரு இழுப்பு வந்தால்கூடப் போர்வையை விலக்கி விலக்கிப் பார்க்கிறேன், இரண்டு காலையும் நூலால் சுற்றி அளந்து பார்க்கிறேன். கிணறு மாதிரி ஆழமான குழிக்குள் ஒற்றைப் பலகையில் நின்று வேலை செய்தவன்தான், அப்போதெல்லாம் இப்படி இருந்ததில்லை.

அம்மாவும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள். பகலில் போகும்போது கதவைச் சாத்துகிறாளே தவிரப் பூட்டுவதில்லை, வழியிலிருந்து நான்கு தடவை போன் செய்கிறாள். போனை ஒரு நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள். நான் வீக்கத்தை மறைத்ததை அவள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை, தான் பூட்டியதை மட்டும் நினைத்து நினைத்து அழுகிறாள். அதனால் அவளிடம் பூட்டைப் பற்றியோ போனைப் பற்றியோ எதுவும் கேட்டுவிடாதே.

"லீவு போட்டுட்டு வரட்டுமாப்பா" என்று போன மாதம் நீ கேட்டபோது, பெட்டி தூக்க ஆள் இருக்கிறார்கள், உன் வேலையைப் பார் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இப்போது கேட்கிறேன், ஒரு வாரம் வர முடியுமா? வேலை எதுவும் இல்லை, நீ சும்மா வந்து உட்கார்ந்திருந்தால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. இந்த வார்த்தையை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத மனதோடும் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஒன்று என்றால் அப்பா மாதிரி மறைக்காதே. ஹெட்மாஸ்டர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கிறது, தபாலில் சேர்க்க அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இன்னொரு தடவை படித்துப் பார்த்தால் கிழித்துப் போட்டுவிடுவேன், அதனால் படிக்காமலே ஒட்டிவிடுகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா