ஈறு ஆறிய பிறகு

அன்பு அசிமினா,

அப்பாவைச் சோதனை மருந்து ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை. மூளையில் கிளம்பிய அழற்சியைத் தணித்தால் அல்சைமர் முற்றுவது தள்ளிப்போகலாம் என்று நீ ஏதென்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து சொன்னதை நம்பித்தான் வோலோஸ், தெசலோனிக்கி ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தோம். அவருக்கு ஈறு பழுத்து, இரத்தத்திலேயே அழற்சி ஏறியிருக்கிறதாம். "இதோட சேர்த்தா, மருந்து எதத் தணிச்சுதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர். அழற்சிக்கு மருந்து கேட்டுப் போனவரை, அழற்சி இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அங்கேயே கத்திவிட்டேன்.

பல்லைப் பிடுங்கினோம். ஈறு ஆறியது. திரும்பப் போனால், ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டதாம்.

ஃபோனில் நீ என்ன சொன்னாய்? "எலிங்களுக்கு அடுத்த மருந்து நல்லா கேக்குதும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ." எலிகள் நன்றாக இருக்கட்டும்.

நேற்று உன் பட்டமளிப்புப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"கெட்டிக்காரியா தெரியுறா. யாரு வீட்டுப் பொண்ணு?"

"நம்ம வீட்டுப் பொண்ணுதாங்க."

"அடிப்பாவி, இத முன்னாடியே சொல்லக் கூடாதா!"

முகமெல்லாம் சிரிப்பு. அடுப்பிலிருந்த மீன் சூப்பில் ஒரு கிண்ணம் எடுத்து, நீ வந்தால் குடிக்க என்று மூடிவைத்தார். இன்று காலைவரை அதை என்னைக்கூடத் தொடவிடவில்லை.

அடுத்த மருந்து வரும்போது வரட்டும். நீ இந்த ஞாயிற்றுக்கிழமை வா.

அம்மா