அரை டம்ளர் தண்ணீர்

மே 4, திங்கள்

காலையிலேயே அக்கா வீட்டிலிருந்து அத்தான் ஃபோன். "முள்ளம்மா, குப்பையை எரிக்கலாமா?"

வானிலை நிலையத்து வேலைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். சாலையோரப் பலகையில் தீ அபாய முள்ளைத் திருப்புகிறவள் முள்ளம்மா. பச்சை என்றால் எரிக்கலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அத்தானின் படகுப் பட்டறைக்குப் பின்னால் மரச்சீவலும் காய்ந்த புல்லும் குவிந்து கிடக்கின்றன. என்னைக் கேட்காமல் அடுப்பைக்கூடப் பற்றவைக்க மாட்டார் என்று அக்கா கேலி செய்வாள். அந்தப் பலகையை இந்த ஊரில் மதிக்கிற ஒரே ஆள் அவர்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தான், மஞ்சள்" என்றேன்.

மே 11, திங்கள்

துணி மாற்ற வேண்டிய நாள். மாற்றவில்லை.

நிலையத்து முற்றத்துப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா நிற்கும். இன்னொன்றின் அடியில் துணி சுற்றி, அதன் வாலைத் தண்ணீர்க் குப்பியில் விட்டிருக்கும். காற்று எவ்வளவுக்கெவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அந்த ஈரத்துணிக்காரி அவ்வளவுக்கவ்வளவு கீழே இறங்குவாள். கடற்கரை என்பதால் துணியில் உப்பு ஏறி வாரத்துக்குள் விறைத்துவிடும். புதுத்துணியைக் கொதிக்கவைத்துத்தான் சுற்ற வேண்டும். இந்த வெயிலில் அடுப்புப் பக்கம் யார் போவது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மே 13, புதன்

மதியம் இரண்டு மணி: 37, 32. ஐந்தே டிகிரி இறக்கம், அப்படியென்றால் நல்ல ஈரக்காற்று. முள்ளைப் பச்சையில் வைத்தேன். அத்தான் கேட்டார், "எரிங்க" என்றேன்.

ஆனால் உதடு வெடிக்கிறது. காற்றும் மலைப் பக்கமிருந்துதான் வருகிறது. கடல்காற்று இன்னும் திரும்பவில்லையோ?

நான்கு மணி. பட்டறைப் பக்கம் புகை. ஓடிப்போய் முள்ளைச் சிவப்புக்குத் திருப்பினேன்.

மே 14, வியாழன்

உயிர்ச்சேதம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை.

பட்டறையை ஒட்டிய புதர்க்காடு முழுக்கப் போய்விட்டது. தீ சாலையைத் தாண்டி, ஓய்வுபெற்ற தபால்காரரின் வீட்டைத் தின்றுவிட்டது. அவரும் அவர் மனைவியும் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தப்பித்தார்கள். சாக்கை வைத்து அடித்து அணைக்கப் பார்த்த அத்தானுக்கு இரண்டு கையும் கட்டு.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். குப்பியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி அட்டை மாதிரி இருந்தது. காய்ந்த துணிக்காரி எப்படி இறங்குவாள்? நேற்று மதியமே அவள் பாதி காய்ந்திருப்பாள்; எனக்குக் காட்டியதில் பாதி வெறும் வெயில்.

புதுத்துணி சுற்றி, தண்ணீர் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் இறங்கிவிட்டாள்.

பிறகு குறிப்பேட்டை எடுத்து, நேற்றைய 32ஐ 20 ஆக்கினேன். முள் என்ற கட்டத்தில் பென்சிலால் இருந்த பச்சையை அழித்துச் சிவப்பு என்று எழுதினேன். பிழைதிருத்தம்தானே என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம் சொல்லிக்கொண்டேன்? பெட்டியிடமா?

மே 16, சனி

ஆஸ்பத்திரி. "கேக்காம கொள்ளாம பத்த வச்சிட்டாருன்னு ஊரே சொல்லுது. நீயாவது சொல்லேன்டி, இவரு அப்படிப்பட்ட ஆளா?" என்று அக்கா அழுதாள். நான் தலையணையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மே 19, செவ்வாய்

விசாரணை. அதிகாரி என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு அத்தானிடம் கேட்டார்: "ரெண்டு மணிக்கே சிவப்புன்னு இருக்கு. நீங்க பச்சைங்கறீங்க. யாரையாவது கேட்டீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் எல்லாம் இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இல்லைங்க. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்" என்றார்.

பட்டறை உரிமம் ரத்தாகுமாம். வழக்கும் வருமாம்.

தெரிஞ்சே சொன்னாரு. எல்லாம் தெரிஞ்சே சொன்னாரு. நான் வாயைத் தொறக்கல. என்ன ஜென்மம் நான்?

மே 22, வெள்ளி

பழைய துணியைத் தூக்கிப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டிலும் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் மட்டும், "அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டியிருக்கலாம்.

மே 23, சனி

முள்ளம்மா என்று யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 10, புதன்

அத்தான் மேல் வழக்கு இல்லை. உரிமமும் பிழைத்தது. எனக்கு மூன்று மாதம் பணியிடை நீக்கம். திரும்பி வந்த பிறகு நான் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும். நான் செய்ததற்கு இது குறைவுதான்.

தபால்காரரைப் பார்க்கப் போனேன். அவர் தங்கை வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் குப்பி எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

"அரை டம்ளர்."

தலையாட்டினார். நாற்பது வருடம் ஒரு கடிதத்தையும் தொலைக்காதவராம். அவர் மனைவி சொன்னாள்.

செப்டம்பர் 14, திங்கள்

திரும்ப வேலை. துணி மாற்றினேன்.

செப்டம்பர் 21, திங்கள்

மாற்றினேன். அக்கா இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 6, செவ்வாய்

இரண்டு மழை பெய்திருக்கிறது. காலை எண்ணுக்கு இன்னொரு கையெழுத்தும் வாங்கியாயிற்று. முள் பச்சை.

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. அத்தான் எண். ஐந்து மாதத்தில் முதல் தடவை. எடுத்தேன்.

"எரிக்கலாமா?" என்று கேட்கவில்லை. "குப்பியில தண்ணி இருக்கா?" என்றார்.

"இருக்கு அத்தான். காலையிலதான் ஊத்தினேன்."

"போய்த் தொட்டுப் பாத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

போனேன். பெட்டியைத் திறந்து துணியை விரலால் அழுத்தினேன். விரல் நனைந்தது. திரும்ப வந்து ஃபோனை எடுத்தேன். வைக்காமல்தான் இருந்தார்.

"ஈரமா இருக்கு அத்தான்."

பின்னாலிருந்து அக்கா குரல்: "என்ன சொல்றா?"

"ஈரமா இருக்காம்" என்றார் அவளிடம்.

பிறகு அக்கா சொன்னது கேட்டது.

"அப்ப எரிங்க. நான் வாளியில தண்ணி கொண்டாறேன்."