உங்கள் சீட்டில் இரண்டு மணல் மூட்டை

என்னங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாலு நாளாகப் பேசாத கோபத்தை அதன்மேல் காட்ட வேண்டாம். நான் பஸ்ஸில் போகிறேன்; வண்டிச் சாவி ஆணியில் இருக்கிறது.

"பிக்கப் வண்டியோட உயரத்தைத் தாழ்த்துறேன்னு இப்படி உதற வச்சிட்டியே, இனிமே இதுல ஏறமாட்டேன்" என்றீர்களே, அந்த உதறல் நின்றுவிட்டது. வண்டியைத் தாழ்த்தியதில் பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருந்தது; பின் ஆக்ஸிலில் சரிவுத் தகடு வைத்து அதைச் சரிசெய்தேன். வண்டியில் ஆள் பாரம் இருக்கும்போதுதான் அதை அளக்க வேண்டும். உங்களைக் கூப்பிட வாய் வரவில்லை. உங்கள் சீட்டில் இரண்டு மணல் மூட்டையை ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டு அளந்தேன்.

பி.கு.: நேற்று வேலைக்கு அதிலேயே போய்வந்தேன். வழியெல்லாம் மூட்டையோடுதான் பேச்சு. அதுவும் உங்களை மாதிரியே பதில் சொல்லவில்லை.

மூட்டைகளை நீங்களே வந்து இறக்கிவிடுங்கள். அந்த இடத்தைக் காலியாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.