பன்னிரண்டாம் வண்டியின் ஆயில்

மார்ச் 3

ஏழாம் வண்டிக்குச் சிவப்பு கேன், பன்னிரண்டாம் வண்டிக்கு நீல கேன். பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் வடியவிட்டு, ஃபில்டரும் மாற்றி, இரண்டுக்கும் தலைமை மெக்கானிக் நானே ஊற்றினேன். இரண்டும் முழு சிந்தெடிக், கேனில் ஒரே கிரேடு நம்பர். வண்டிகளும் ஒரே மாடல், ஒரே மாதம் வாங்கியவை. சிவப்பு எட்டு வருடமாக எங்கள் டாக்ஸி கம்பெனியில் ஓடுகிறது. நீலம்தான் உசத்தி என்று நான் சொல்லிச் சொல்லி முதலாளியம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. "சரி, பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டி நிரூபிங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க" என்றார்.

பன்னிரண்டை ஓட்டுவது என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக்கொடுத்ததே நான்தான். வேறு யாரை நம்புவது?

டிரைவர்கள் இருவருக்கும் ஒரே கட்டளை: சோதனை முடியும்வரை பானெட்டைத் திறக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது நான் மட்டும். மீதி நீல கேன் ஒன்று இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் வைத்தால் எவனாவது கைவைப்பான் என்று மாப்பிள்ளை வீட்டில் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 9

தங்கை வீட்டில் சாப்பாடு. வாய் சும்மா இருந்ததா எனக்கு? "பாரு மாப்ளே, நீலம் ஒரு சொட்டு குறையாது. குறைஞ்சா நான் ஸ்பேனரைக் கீழ வச்சிடறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைதான், "அண்ணன் ஆரம்பிச்சிட்டான்டா சாமி" என்று எழுந்து போனாள்.

மார்ச் 14

முதல் சாம்பிள். ஆயிலில் கலந்திருக்கும் இரும்பை லேபில் அளக்கிறார்கள். இரும்பு ஏறினால் உள்ளே என்ஜின் தேய்கிறது என்று அர்த்தம். சிவப்பு 9, நீலம் 7. பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மார்ச் 28

டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தேன். சிவப்பு கால்வாசி விரலளவு குறைந்திருக்கிறது. நீலம் மேல் கோட்டிலேயே நிற்கிறது. நான்காவது வெள்ளியாக மேல் கோட்டிலேயே! மனசு துள்ளியது. கேட்டில் காவலுக்கு இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

"வண்டி கொஞ்சம்கூடவா ஆயில் குடிக்கல?" என்று மட்டும் கேட்டார்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 14

லேபிலிருந்து போனில் சொன்னார்கள். கடைசி சாம்பிள்: சிவப்பு 31, நீலம் 14. பாதிக்கும் கீழே! தாள் பிறகு வரும் என்றார்கள். எனக்கு ஏது பொறுமை? மத்தியானமே ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, முதலாளியம்மா மேஜையில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

முதலாளியம்மா எல்லோரையும் கூட்டிச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இருபத்திரண்டு வண்டிக்கும் நீலம். பத்தாயிரத்தில் மாற்றியதை இனி பதினைந்தாயிரத்தில் மாற்றினால் போதும். டிரைவர்கள் தினமும் காலையில் டிப்ஸ்டிக் பார்க்கும் வேலையும் இனி வேண்டாம் — "அதான் ஒரு சொட்டு குறையலையே."

எல்லோரும் கை தட்டினார்கள். கேட்காரர் தட்டவில்லை. காலையில் டிப்ஸ்டிக் பார்க்கும் வழக்கமே அவரால் வந்ததுதான். ஆறு வருடத்துக்கு முன் நாலாம் வண்டியை ஓட்டியவர் அவர். நெடுஞ்சாலையில் ஆயில் வற்றி என்ஜின் பூட்டிக்கொண்டு வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்தது. இடுப்புக்குக் கீழே இன்றும் டாக்டர் வைத்த தகடு இருக்கிறது.

ஏப்ரல் 18

தாள் வந்தது. காலையிலிருந்து நான்கு தடவை படித்துவிட்டேன்.

இரும்பு சரி. அதற்குக் கீழே ஒரு வரி. ஆயிலில் அமிலத்தை முறிக்கிற சரக்கு ஒன்று கலந்திருக்கும். வண்டி ஓட ஓட அது கரைந்துகொண்டே வரும். சிவப்பில் அப்படித்தான் ஒழுங்காக இறங்கியிருக்கிறது. நீலத்தில் மூன்றாம் சாம்பிளில் 5.6. நான்காவதில் 6.1.

ஏறியிருக்கிறது. ஓடின ஆயில் எப்படிப் புதுசாகும்? யாரோ புது ஆயில் ஊத்தியிருக்காங்க. நிறைய ஊத்தியிருக்காங்க. அதனாலதான் இரும்பும் நீர்த்துப்போச்சு. அதனாலதான் வெள்ளிக்கு வெள்ளி மேல் கோடு.

முப்பது வருஷமா ஆயில்ல கை நனைக்கிறேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காத என்ஜினை எங்கேயாவது பார்த்திருக்கேனா? கேட்காரர் கேட்டாரே. நான்தானே பொறாமைன்னு நினைச்சேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீல கேன். தூக்கினேன். காலி. அதன் பின்னால் இன்னொன்று இருந்தது, கடையில் வாங்கியது. அதிலும் கால்வாசிதான்.

மாப்பிள்ளை கதவருகில் நின்றார். ஒன்றும் கேட்காமலே சொல்லிவிட்டார்.

"ரெண்டாவது வாரமே குறைஞ்சிடுச்சு மச்சான். வியாழக்கிழமை வந்தா அரை லிட்டர் ஊத்துவேன்."

"ஏன்யா? பானெட்டையே தொடாதேன்னு சொன்னேன்ல?"

"நீங்க எல்லார் முன்னாடியும் அவ்வளவு பேசிட்டீங்க. எனக்கு வேலை வாங்கித் தந்தவங்க. என் வண்டியால உங்களுக்குத் தலைகுனிவு வரணுமா?"

கோபம் வந்தது. பாதியில் அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவர் வாயைத் திறக்க முடியாதபடி பீற்றிக்கொண்டவன் யார்?

தங்கை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாசல்வரை வந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணா, ஆபீஸ்ல சொல்லிடாதே. இவரை நிக்க வச்சு அனுப்பிடுவாங்க. இந்த வேலைக்கு முன்னாடி வீட்ல எப்படி உக்காந்திருந்தார்னு உனக்குத் தெரியும்."

தெரியும். எட்டு மாதம். ஜன்னல் பக்கமே திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

ஏப்ரல் 22

சொல்லவில்லை.

ஏப்ரல் 24

யோசித்துப் பார்க்கிறேன். நீலம் மோசம் என்றும் என்னால் சொல்ல முடியாது. பன்னிரண்டின் என்ஜினிலேயே கோளாறு இருந்து, அது எந்த ஆயிலையும் குடித்திருக்கலாம். சிவப்பு நல்லது என்பதற்கும் சாட்சி இல்லை. மொத்தத்தில் நாற்பது நாளில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததை நம்பித்தான் இருபத்திரண்டு பேர் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டப்போகிறார்கள், டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல்.

பன்னிரண்டுக்கு மட்டும் ரகசியமாக நான் பார்த்துக்கொண்டால்? மற்ற வண்டிகள்? எதில் குறைகிறது, எதில் குறையவில்லை என்று யாருக்குத் தெரியும்?



ஏப்ரல் 26

கேட்டில் வண்டியை நிறுத்தினேன். கேட்காரர் சங்கிலியை இறக்க எழுந்தார். எழுவதற்கு மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அப்புறம் கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறு வருடமாகத் தினம் பார்ப்பதுதான். இன்று ஏனோ கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன தலை, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏப்ரல் 28

சொல்லிவிட்டேன்.

லேப் தாளை மேஜையில் விரித்து, 5.6 மேலும் 6.1 மேலும் விரலை வைத்து விளக்கினேன். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யார் ஊத்தினது?"

"பொறுப்பு என்னுதுங்க. முழுத் தாள் வர்றதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவன் நான்."

"அதைக் கேக்கல. யாரு?"

சொன்னால் தங்கை, சொல்லாவிட்டால் இன்னொரு பொய். அவர் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

சிவப்பே தொடரும், பத்தாயிரத்திலேயே மாற்ற வேண்டும், காலையில் டிப்ஸ்டிக் பார்க்கும் வழக்கமும் அப்படியே இருக்கும் என்றார். பன்னிரண்டை நிறுத்தி என்ஜினைப் பிரிக்கச் சொன்னார். என்னைத் தலைமை மெக்கானிக் வேலையிலிருந்து இறக்கிவிட்டார். மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் என் பக்கம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "போயிட்டு வரேன் மச்சான்" என்றார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 29

தங்கைக்கு ஏழு தடவை போன். எடுக்கவில்லை.

மே 6

பன்னிரண்டின் என்ஜினைப் பிரித்தேன். ஒரு பிஸ்டனின் ரிங் கரி பிடித்து இறுகி, சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல். ஆயில் அந்த வழியாகத்தான் போய் எரிந்திருக்கிறது. ஊற்றாமல் இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் சாலையிலேயே பூட்டியிருக்கும். ஊற்றி ஊற்றி அவர் அதை ஓடவும் வைத்தார், மறைக்கவும் செய்தார். பாவி மனுஷன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மே 17

மாப்பிள்ளைக்கு ஊரின் அந்தக் கோடியில் வேன் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். கேட்காரர்தான் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 12

மத்தியானம் போன் அடித்தது. தங்கை.

"கோவம் போகல. அது வேற விஷயம்" என்றாள் முதலில்.

"சரிம்மா."

"இவர் போற எடத்துல வண்டியை யாரும் பாக்கறதே இல்லையாம். இவர் மட்டும் தினம் காலையில இறங்கி டிப்ஸ்டிக்கை உருவிப் பாக்கறாராம். குறைஞ்சிருந்தா ஊத்தாம நேரா போய் மேனேஜர்கிட்ட சொல்றாராம். மத்தவங்கெல்லாம் கிண்டல் பண்றாங்களாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்த வேனும் ஆயில் குடிக்குதாம். ரிப்பேர் பண்ணித் தர மாட்டேங்கறாங்க. இவர் பயப்படறார், ஆனா அதை வெளிய சொல்ல மாட்டேங்கறார். ஞாயித்துக்கிழமை வண்டி வீட்டு வாசல்லதான் நிக்கும். நீ வந்து பாரு."

"வரேன்."

"எனக்காக வர வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

ஸ்பேனர் பையை எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.