அவர் சொன்னதும் நான் எழுதியதும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், மாடுகளைப் பார்த்துக்கொள்கிறோம். உன் அண்ணன் போய் இன்றோடு இருபத்தாறு நாள்.

அன்று போனில் உன் அழுகையை மட்டும்தான் கேட்டேன். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நடுவில் கோபம் வந்தாலும் கிழித்துவிடாதே, கடைசி வரை படி.

நீ தொடக்கத்தை மட்டுமே பார்த்த இருபத்து மூன்று வருடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது கை போன பிறகு, மருத்துவமனையிலிருந்து வந்த நாலாம் நாளே உன் அண்ணன் கொட்டகைக்குப் போய்விட்டார். ஒற்றைக் கையால் பால் கறக்க இரண்டு மடங்கு நேரம் ஆனது. செவலைப் பசு பொறுமை இழந்து வாளியை எட்டி உதைத்தது. பால் முழுக்க அவர் மேல்தான். "அது மேல என்ன தப்பு? எவ்வளவு நேரந்தான் நிக்கும், பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கயிற்றைப் பல்லால் முடிச்சுப் போடப் பழகினார். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி மண்வெட்டிக்கு ஒரு தோல் பட்டை தைத்து வாங்கி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டினார்.

முதல் வருடம் இடது கையால் ஊன்றிய சோளம் கோணல் மாணலாக முளைத்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்னப்பா, தண்ணிய போட்டுட்டு விதைச்சியா?" என்று கேட்டார். "வரிசைதான் கோணல், பயிரு நிமிந்துதான் வளரும்" என்றார் இவர். அப்படியேதான் வளர்ந்தது.

பிறகு ஒரு வெள்ளம் வந்தது. கீழ்வயல் முழுக்க இடுப்பளவு மணல். விட்டுவிடலாம், மேல்வயலே போதும் என்று நான் சொன்னேன். "அது தம்பி பங்கு. அவன் வந்து கேட்டா மணலைக் காட்டவா?" என்றார். இரண்டு வருடம் அந்த மணலை அள்ளினார், ஒற்றைக் கையால். யார் உதவிக்கு வந்தாலும் ஒத்துக்கொள்வார். ஆனால் தன் உடம்புக்கான வேலையை யாரையும் செய்யவிட மாட்டார். சட்டைப் பொத்தானைக்கூட முதல் ஆறு மாதம்தான் நான் போட்டுவிட்டேன். ஆரஞ்சுப் பழத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவரே உரிப்பார். சாறு பாதி வேட்டிக்குப் போகும்.

இனி, நான் சொல்ல வேண்டியது.

அந்தத் தீவனம் வெட்டும் மிஷினில் நடந்தது உங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நீ நினைத்திருப்பாய். நான் அப்போது தண்ணீர்க் குழாயடியில் இருந்தேன். சோளத்தட்டு சிக்கிக்கொண்டதும் அவர் கையை உள்ளே விட்டதைப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவர் என்னவோ கத்தினார், நீ சுவிட்சைப் போட்டாய். டாக்டர் கேட்டபோது, "நானே போட்டுட்டு அவசரத்துல கைய விட்டுட்டேன்" என்றார். என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. நாலு மாதத்தில் நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய்.

உன் கடிதங்கள் வரத் தொடங்கின. பதில் எழுத அவர் என்னைத்தான் கூப்பிடுவார். "வலது கையாலயே கோழி கிளறின மாதிரிதான் எழுதுவேன். இடது கையால எழுதுனா கோழியே சிரிக்கும்" என்பார். கட்டிலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மழை, மாடு, மகள் படிப்பு எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வார்: "தம்பி, உன் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. வீட்டுக்கு வந்துடு."

அந்த வரியை நான் எழுதவே இல்லை. அந்த இடத்தில் "மற்றவை நலம்" என்று எழுதி ஒட்டி அனுப்பினேன்.

முதலில் கோபத்தால்தான் செய்தேன். ரத்தம் ஊறிய அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். கோபம் எந்த வருடம் போனது என்று எனக்கே தெரியாது. ஆனால் திடீரென்று அந்த வரியை எழுதினால், இத்தனை நாள் ஏன் இல்லை என்று நீ கேட்பாயே. அந்தப் பயத்திலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

போன் வந்த பிறகும் நீங்கள் இருவரும் மழையைப் பற்றியே பேசினீர்கள். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். "அதான் லெட்டர்ல எழுதிட்டோமே. திரும்பத் திரும்பச் சொன்னா அவனுக்குத்தான் கஷ்டம்" என்பார். அவர் மன்னிக்கவில்லை என்று நீ இருந்தாய். கூப்பிட்டும் நீ வரவில்லை என்று அவர் இருந்தார். நடுவில் நான் இருந்தேன்.

கடைசியாக மருத்துவமனையில் இருந்தது பதினொரு நாள்தான். உனக்குச் சொல்லலாமா என்று மூன்றாம் நாள் கேட்டேன். "வேணாம். சொல்லியும் வரலைன்னா எனக்குத் தாங்காது" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் மதியம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் வாங்கி வந்த ஆரஞ்சு மேஜையில் இருந்தது. அதை எடுத்து என் பக்கம் நீட்டி, "உரிச்சுக் குடு" என்றார். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. அவசரமாக உரித்ததில் பாதிச் சுளை பிய்ந்துபோனது. பிய்ந்ததையும் சாப்பிட்டார். பிறகு, "பேப்பர் எடு. நான் சொல்றத அப்படியே எழுது" என்றார்.

அவர் சொன்னது இது:

"தம்பி, நான் அன்னிக்குப் போடுன்னு கத்துனேனா, போடாதேன்னு கத்துனேனான்னு எனக்கே இப்ப தெரியல. உனக்கு எப்படித் தெரியும்? உன் மேல ஒரே ஒரு கோவந்தான், சொல்லாமப் போனியேன்னு. அதுவும் அந்த வாரத்தோட போயிடுச்சு. கீழ்வயல்ல இப்ப தண்ணி நல்லா வடியுது. மண்ணு பழையபடி ஆயிடுச்சு. வந்து பாரு. உங்க அண்ணிய ஒண்ணும் கேக்காத. எனக்காக அவ நெறைய பட்டுட்டா."

கடைசி இரண்டு வரிகளை எழுத மாட்டேன் என்றேன். "அப்படியேன்னா அப்படியேதான்" என்றார். எழுதினேன். அன்று இரவே அவருக்கு நினைவு தப்பிவிட்டது, உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அடியில் இருக்கும் கிறுக்கல் அவருடைய இடது கைக் கையெழுத்து.

அவர் கேட்காதே என்று சொன்னார் என்பதற்காக நீ சும்மா இருக்க வேண்டாம் தம்பி. என்னைக் கேள். வந்து, முகத்துக்கு நேரே கேள். அடுத்த மாதம் விதைப்பு. மேல்வயலை மகள் பார்த்துக்கொள்வாள். கீழ்வயலில் என்ன போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும். உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நீ இருக்கும் நாட்களில் என்னை அடுப்படியோடு இருந்துகொள்ளுங்கள் என்றாலும் சரி, எதிரே உட்கார்ந்து பரிமாறுங்கள் என்றாலும் சரி, நீ சொல்கிறபடி இருக்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, மனதில் எந்தப் பாரமும் இல்லாமல் நன்றாக இரு.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அண்ணி